ஒரே காலையில் முப்பத்தொன்பது தேதிகள்

"நான் எங்க சிஸ்டர் பெத்தேன்? வயிறு முன்னால நிக்குது!"

போனில் செல்லி கத்தினாள். என் இடது காதில் போன், வலது கையில் மேலிடத்திலிருந்து வந்த ஒரு மெமோ. மேற்படி ஆறு கர்ப்பிணிகள் வீட்டிலேயே பிரசவித்ததை மறைத்த காரணத்துக்காக உம்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று அதில் கேட்டிருந்தார்கள். ஆறு பேரில் ஆறாவது பெயர் செல்லி.

நான் அப்போது கல்வராயன் மலையில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிராம செவிலியர். தை மாதம். காலை ஒன்பதரைக்கும் பனி விலகவில்லை. அலுவலக அறையில் மூன்று நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், நடுவில் நான்.

"பெத்துட்டு சொல்லாம இருந்தியான்னு கேக்கறாங்க செல்லி."

"இன்னா சிஸ்டர் பேசற நீ? சனிக்கிழம வண்டி வரும்னு சொன்னியே. மூணு நாளா பையக் கட்டிக்கினு ரோட்டுல குந்தியிருக்கேன். வண்டி முந்தின ஊருக்கு வந்துட்டு அப்பிடியே திரும்பிப் போயிடுச்சாம். நேத்திலேர்ந்து இடுப்பு வேற புடிச்சிக்கினு இருக்குது."

"வலியா? விட்டு விட்டு வருதா?"

லைன் அறுந்துவிட்டது. அவள் ஊரான மேல்நொச்சிக்காட்டில் ஒரே ஒரு பாறையின் மேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். ஒன்பது மாத வயிற்றோடு அந்தப் பாறையில் ஏறி, யாருடைய போனையோ வாங்கிப் பேசியிருக்கிறாள். நான் திரும்பத் திரும்ப அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் நிதானமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

செல்லிக்கு முதல் குழந்தை கள்ளக்குறிச்சியில் ஆபரேஷன் செய்து பிறந்தது. அப்படிப்பட்டவளுக்கு மலை உச்சியில் வலி வந்து நேரமாகிவிட்டால் பழைய தையல் தாங்காது, தாய்க்கும் பிள்ளைக்கும் உயிர் ஆபத்து. அதனால்தான் பிரசவத் தேதிக்குப் பதினைந்து நாள் முன்பே ஜீப் அனுப்பிக் கூட்டிவந்து, எங்கள் நிலையத்தை ஒட்டிய காத்திருப்பு அறையில் தங்கவைப்போம். தேதி நெருங்கினதும் கீழே அனுப்பிவிடுவோம். செல்லியின் ஊருக்கு ஜீப் போகாத ஒரே காரணம், லிஸ்டில் அவள் பெயருக்கு எதிரே சிவப்பு எழுத்தில் 'முடிந்தது' என்று இருந்ததுதான்.

எலக்ட்ரானிக் லிஸ்ட்

அந்த லிஸ்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியாது.

அதற்கு முந்தின மாதம் வரை லிஸ்ட் என்பது என் நோட்டுதான். நீள நோட்டு, பச்சை அட்டை, ஒரு மூலை எலி கடித்தது. ஊர், பெயர், பிரசவத் தேதி. தினமும் காலையில் டீ குடித்துக்கொண்டே யாருக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணுவேன். முப்பத்தொன்பது பேருக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அதில் ஒரு தப்பு வந்ததில்லை என்று பெருமை அடிக்கமாட்டேன். வந்திருக்கிறது. ஆனால் வயிற்றோடு நடப்பவளைப் பார்த்து 'முடிந்தது' என்று எழுதியதில்லை.

பிறகு எல்லாம் கம்ப்யூட்டரில் வேண்டும் என்றார்கள். குமரேசன் வந்தார்.

குமரேசன் வடக்கனந்தல்காரர். நாற்பதைத் தொடும் வயது, இரண்டு பெண் பிள்ளைகள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்த சான்றிதழை லேமினேட் செய்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் எரிச்சல். கெட்ட மனிதராக இருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

அவர் என் நோட்டை வாங்கி இரண்டே நாளில் எக்ஸெலில் ஏற்றினார். ஊர்களை ஜீப் போகும் வழியில் அடுக்கினார். நிலையத்துக்குப் பக்கத்து ஊர் முதல் வரி, மேல்நொச்சிக்காடு கடைசி வரி. தினமும் காலையில் அவர் அன்றைய தேதியைப் போட்டால், பிரசவத் தேதியிலிருந்து அதைக் கழித்து மீதி நாளை அதுவே காட்டும். தேதி தாண்டியிருந்தால் சிவப்பில் 'முடிந்தது' என்று எழுதும்.

"இனிமே வெரல் வுட்டு எண்ண வேணாம் சிஸ்டர்" என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை.

சாமையும் பலாவும்

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மலையில் ஒரு பெண்ணிடம் பிரசவத் தேதிக்கான கணக்கை வாங்குவது லேசுப்பட்ட வேலை இல்லை. கடைசியாக எப்போது தலைக்கு ஊற்றினாய் என்று கேட்டால் யாரும் பதினாலாம் தேதி என்று சொல்லமாட்டார்கள். "சாமை அறுத்து முடிஞ்ச மறுவாரம்" என்பார்கள். "எங்க கொழுந்தனுக்குப் பொண்ணு பாக்கப் போனமே, அதுக்கு முந்தின சந்தை" என்பார்கள்.

செல்லி சொன்னது, "பலாப்பழம் மொத லோடு எறங்குச்சே, அன்னிக்கு."

அந்த முதல் லோடு எந்த நாளில் இறங்கியது என்று நான் மூன்று பேரைக் கேட்டேன். லாரியில் ஏற்றியவர் ஒரு நாள் சொன்னார், ஏற்றாமல் வேடிக்கை பார்த்தவர் வேறு நாள் சொன்னார். கடைசியில் அன்றைக்குச் சின்னசேலம் போய் ரயிலைத் தவறவிட்ட ஒருவர் சரியான தேதியைச் சொன்னார். ரயிலைத் தவறவிட்ட நாளை யாரும் மறப்பதில்லை. பிறகு ஸ்கேனும் அதையே சொன்னது.

இத்தனை பாடுபட்டு வாங்கிய தேதியை வைத்துக்கொண்டு, ஒரு கழித்தல் கணக்கில் கோட்டை விட்டோம்.

அதைவிட என்னைக் கோபப்படுத்துவது வேறு. சிவப்பில் வந்த ஆறு பேரும் மலையின் மேல் ஊர்க்காரர்கள். ஆறு பெயரும் மேல் ஊர்களிலிருந்தே வந்தபோது அலுவலகத்தில் ஒருவருக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை. "மேல ஊர்க்காரங்க அப்பிடித்தான், வூட்லயே பெத்துப்பாங்க, சொல்லமாட்டாங்க" என்று முடித்துவிட்டார்கள். நானும் அந்த ஆறில் ஒருத்திக்கு முந்தின வாரம் ஆள் மூலம் "ஏன் மறைச்சே?" என்று சொல்லி அனுப்பியிருந்தேன். பதினேழு வருஷம் அந்த மலையில் ஏறி இறங்கியவள் நான். அந்த ஞாபகம் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒரு பானைச் சோறு

ஆம்புலன்ஸைக் கேட்டேன். வேறொரு கேஸோடு சேலம் போயிருந்தது. மதியத்துக்கு மேல்தான் திரும்பும்.

ஜீப் வாசலில் நின்றது. டிரைவர் ஏழுமலை துணியால் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"மேல்நொச்சிக்காட்டுக்கு வண்டிய எடுங்க."

"லிஸ்ட்ல அந்த ஊரு இல்லீங்களே சிஸ்டர்."

"லிஸ்டு தப்பு."

"தப்போ ரைட்டோ, லாக் புக்ல இன்னான்னு எழுதறது? போன மாசமே ரெண்டு ட்ரிப்புக்கு என்னக் கேட்டுட்டாங்க. புது லிஸ்ட் அடிச்சிக் குடுங்க, இப்பவே எடுக்கறேன்."

டாக்டர் கள்ளக்குறிச்சியில் கூட்டத்தில் இருந்தார். மூன்றாவது முறை போனை எடுத்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"அந்த லிஸ்ட நானே செக் பண்ணேன்மா. மொதல் பேர எடுத்து விரல் விட்டு எண்ணிப் பாத்தேன். கரெக்டா இருந்துச்சு. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். அது சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"சார், செல்லி என்கிட்ட இப்பதான் பேசினா."

"லிஸ்ட்ல பேர் வந்தா அனுப்பிடுங்க. வராம எப்படிம்மா அனுப்பறது?"

வைத்துவிட்டார். உயிரோடு பேசியவளை நம்பவில்லை, பெட்டி சொன்னதை நம்பினார்கள். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ராணியின் கோபம்

அப்போதுதான் காத்திருப்பு அறையிலிருந்து ராணி வந்தாள். மேல்நொச்சிக்காட்டுக்கு முந்தின ஊர்க்காரி. சனிக்கிழமை ஜீப் போய் இவளைத்தான் ஏற்றி வந்திருந்தது. நான் அன்றைக்குத் தடுப்பூசி முகாமுக்குப் போயிருந்தேன்.

"சிஸ்டர், என்ன எப்ப வூட்டுக்கு அனுப்பப் போற? எனக்கு இன்னும் ஒன்றர மாசம் கெடக்குது. இன்னாத்துக்கு இட்டாந்தீங்க? ஆடு ரெண்டும் அங்க கத்திக்கினு இருக்கும்."

அவளுடைய வயிற்றைப் பார்த்தேன். ஒன்றரை மாதம் என்பது சரிதான். நோட்டை எடுத்து எண்ணினேன். நாற்பத்தைந்து நாள். குமரேசன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். லிஸ்டில் எட்டு நாள்.

"குமரேசன், இவ பிரசவத் தேதி சரியா இருக்குது. இன்னிக்குத் தேதியும் உங்களுக்குத் தெரியும். கழிச்சா எப்படி எட்டு வரும்?"

"கம்ப்யூட்டர் தப்பா கழிக்காதுங்க சிஸ்டர்."

"செல்லிக்குப் பாருங்க. தேதி வர இன்னும் ஒன்பது நாள் இருக்குது. இது, தாண்டி இருபத்தொன்பது நாள் ஆச்சுங்குது."

தாளில் எழுதினேன். செல்லிக்கு முப்பத்தெட்டு நாள் தப்பு. ராணிக்கு முப்பத்தேழு நாள் தப்பு. ராணிக்கு மேலே இருந்தவளை எண்ணினேன். முப்பத்தாறு. அதற்கும் மேலே முப்பத்தைந்து. முதல் வரிக்குப் போனேன். தப்பே இல்லை. இரண்டாவது வரிக்கு ஒரு நாள். மூன்றாவதற்கு இரண்டு நாள்.

மலையில் ஒவ்வொரு ஊராக ஏற ஏற, தப்பும் ஒவ்வொரு நாளாக ஏறிக்கொண்டே போயிருந்தது. டாக்டர் பதம் பார்த்த பானையில் மேல் சோறு பக்குவமாக இருந்தது, அடிச்சோறு தீய்ந்துபோயிருந்தது.

மறைத்து வைத்த பத்தி

"இன்னிக்குத் தேதிய எங்க போட்டீங்க?"

குமரேசன் தலையைச் சொறிந்தார். "அது தனியா ஒரு காலம்ல இருக்குதுங்க. பாக்க அசிங்கமா இருந்துச்சின்னு மறைச்சி வச்சிட்டேன்."

"எடுங்க அதை."

எடுத்தார். F என்ற அந்தப் பத்தியில் மேலிருந்து கீழ் வரை முப்பத்தொன்பது தேதி. முதல் வரியில் இன்றைய தேதி. அதன் கீழே நாளைய தேதி. அதன் கீழே நாளை மறுநாள். செல்லியின் வரிக்கு வரும்போது மாசி மாதம் பிறந்து ஒரு வாரம் ஓடியிருந்தது.

"இதெல்லாம் யார் போட்டது?"

"நான் ஒண்ணுதான் சிஸ்டர் போட்டேன். அந்தக் கட்டத்த மவுஸால புடிச்சி கீழ இழுத்தேன். அதுவே ரொம்பிக்கிச்சி."

"இழுத்தா நாள் ஒண்ணொண்ணா கூடுதே, பாக்கலையா?"

"அதான் மறைச்சிட்டேனே."

நான் பெருமூச்சு விட்டேன். பனி போல வாயிலிருந்து புகை வந்தது.

"முப்பத்தொன்பது தேதி எதுக்குய்யா? நமக்கு இன்னிக்கு ஒரு நாள்தானே?"

"மொதல்ல ஒண்ணுதான் வச்சிருந்தேன் சிஸ்டர். மொத ஆளுக்குச் சரியா வந்துச்சி. ஃபார்முலாவக் கீழ இழுத்தா மத்தவங்களுக்கெல்லாம் நாப்பத்தஞ்சாயிரம் நாள், நாப்பத்தஞ்சாயிரம் நாள்னு வந்துச்சி."

நாற்பத்தைந்தாயிரம் நாள் என்றால் நூற்றிருபது வருஷத்துக்கு மேல். யானைக்கே இரண்டு வருஷத்துக்குள் முடிந்துவிடும்.

"அதான், கீழயும் தேதி இருந்தா சரியாப் போயிடும்னு இழுத்து வுட்டேன். நம்பரெல்லாம் கம்மியாயிடுச்சி. சரியாயிடுச்சின்னு வுட்டுட்டேன்."

கோயிலுக்கு எதிர் வீடு

என்ன நடந்தது என்று இப்போது எனக்குப் புரிந்தது. வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் என் ஆத்திரம் ஆறாது.

மலையில் வழி கேட்டால் இரண்டு விதமாகச் சொல்வார்கள். "இங்கேர்ந்து ரெண்டாவது வூடு" என்பது ஒன்று. "கோயிலுக்கு எதிர் வூடு" என்பது இன்னொன்று. முதலாவது, நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து சொன்னது. நீங்கள் ஒரு வீடு தள்ளிப் போய் நின்றுகொண்டு அதையே சொன்னால் வேறு வீட்டுக்குப் போய்ச் சேர்வீர்கள். இரண்டாவது, எங்கே நின்று சொன்னாலும் அதே வீடுதான்.

எக்ஸெல் தானாகப் பேசுவது முதல் பாஷை. முதல் ஆளின் வரியில் (தலைப்பையும் சேர்த்தால் இரண்டாம் வரி) =C2-F2, அதாவது பிரசவத் தேதியிலிருந்து இன்றைய தேதி, என்று எழுதினால், அது இன்றைய தேதியை 'என் வரியிலேயே, ரெண்டு கட்டம் தள்ளி' என்றுதான் நினைவு வைத்துக்கொள்ளும். ஒரு வரி கீழே இழுத்தால் அதுவும் ஒரு வரி கீழே பார்க்கும். அங்கே காலியாக இருந்தால் பூஜ்யத்தைக் கழிக்கும் (தேதியை அது 1900-லிருந்து எண்ணிய நாளாக வைத்திருப்பதால்தான் அந்த நாற்பத்தைந்தாயிரம்), நாளைய தேதி இருந்தால் நாளையைக் கழிக்கும். அதற்குக் கோயிலைக் காட்ட வேண்டும் என்றால் எழுத்துக்கும் எண்ணுக்கும் முன்னால் டாலர் குறி போட வேண்டும். =C2-$F$2. அவ்வளவுதான். ஆணி அடித்த மாதிரி, எத்தனை வரி இழுத்தாலும் நகராது.

இதை எனக்குச் சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள்? குமரேசன்தான்! நான் அந்தத் தேதிகளைக் காட்டி, "ஒரே தேதிய எல்லாரும் பாக்கற மாதிரி செய்யவே முடியாதா?" என்று கத்தியதும் அவர் சாவதானமாகச் சொன்னார்.

"முடியும் சிஸ்டர். டாலர் போடணும். கிளாஸ்ல சொல்லிக் குடுத்தாங்க."

"பின்ன ஏன்யா போடல?"

"அதுக்கு F4 பட்டனத் தட்டணும். இந்தக் கீபோர்டுல F4 வேலை செய்யாதுங்க. மாத்தித் தரச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கேன்."

நான் கீபோர்டைப் பார்த்தேன். அந்தப் பட்டன் உள்ளே அமுங்கிக் கிடந்தது. அதற்குக் கீழ் வரிசையில் நாலாம் எண். அந்த நாலுக்கு மேலேயே, பளிச்சென்று, டாலர் குறி.

"இது இன்னா?"

குமரேசன் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் அதைப் பார்த்தார்.

"கையாலயும் போடலாமா சிஸ்டர்?"

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு ஊரெல்லாம் அலைந்த கதை. அங்கே ஒரு பெண் மூன்று நாளாக ரோட்டில் உட்கார்ந்திருக்கிறாள். வாயில் வந்ததைச் சொல்லியிருந்தால் இன்றைக்கு இதை அச்சில் போடமுடியாது.

ஷிஃப்டை அழுத்தி இரண்டு டாலர் போட்டார். கீழே இழுத்தார். சிவப்பு ஆறும் ஒரே நொடியில் கறுப்பாயின. செல்லி, 9. ராணி, 45. பிரிண்டர் ஒரு தாளைக் கடித்துத் துப்பி, இரண்டாவது தாளை அடித்தது. அதை ஏழுமலையின் கையில் திணித்துவிட்டு ஜீப்பில் ஏறினேன். ராணியும் ஏறிக்கொண்டாள். ஆடு கத்துகிறதாம்.

நாலாவது வளைவு

ராணியை அவள் ஊரில் இறக்கிவிட்டு மேலே போனோம். நாலாவது வளைவில் இரண்டு பேர் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். செல்லியும் அவள் மாமியாரும். புருஷன் மிளகு பறிக்கக் கேரளா போயிருந்தான். மாமியார் தலையில் துணிப்பை, கையில் தூக்குவாளி. செல்லி ஒரு கையை இடுப்பில் ஊன்றி, நின்று நின்று நடந்தாள்.

நான் குதித்து இறங்கினேன். "எதுக்கு நடந்தீங்க? எவ்ளோ தூரம்!"

மாமியார்தான் முதலில் பேசினார். "வூட்ல பெக்காதீங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. வண்டியும் வுடமாட்டேன்னா இன்னா பண்ணச் சொல்ற? நடுரோட்லயா பெக்கச் சொல்ற?"

எக்ஸெல், பத்தி, டாலர் என்று அவரிடம் எதைச் சொல்வது?

செல்லியின் வயிற்றில் கை வைத்தேன். கல் போல இறுகி, மெல்ல விட்டது. வலி தொடங்கியிருந்தது. பையிலிருந்த கருவியை வைத்துப் பார்த்தேன், குழந்தையின் நெஞ்சுத் துடிப்பு கேட்டது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பனி என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

அவளைப் பின் சீட்டில் சாய்த்து உட்காரவைத்தேன். வண்டி திரும்பியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை.

"கடைசி ஊருன்னா, கடைசியிலயாவது வருவீங்கன்னு பாத்தேன் சிஸ்டர்."

ஏழுமலை நிலையத்தில் வண்டியை நிறுத்தவில்லை. நேராகக் கள்ளக்குறிச்சிக்கு விட்டார். லாக் புக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மதியம் இரண்டு மணிக்கு ஆபரேஷன் செய்தார்கள். பெண் குழந்தை. பழைய தையல் காகிதம் மாதிரி மெலிந்திருந்தது, இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் அங்கிருந்த டாக்டரம்மா.

முதல் வரி

மறுநாள் மெமோவுக்குப் பதில் எழுதினேன். ஆறு பேரில் ஐந்து பேர் இன்னும் பிரசவிக்கவில்லை, ஒருவர் மட்டும் நேற்று மதியம் ஆஸ்பத்திரியில் பிரசவித்தார் என்று ஒரே வாக்கியம். விளக்கம் ஏற்கப்பட்டது என்று இரண்டு மாதம் கழித்துத் தாள் வந்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நான், ஆள் அனுப்பி ஏசினேனே, அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நேரில் போய்க் கேட்டுக்கொண்டேன். அவள் சிரித்துவிட்டு டீ போட்டாள்.

பதிலை அனுப்பிவிட்டு குமரேசனிடம் போனேன். புதுக் கீபோர்டு வந்திருந்தது. F4 பட்டனை ஆசையாகத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த லிஸ்ட்டத் தலைகீழாத் திருப்புங்க."

"புரியலீங்களே சிஸ்டர்."

"மேல்நொச்சிக்காடு மொத வரி. நமக்குப் பக்கத்து ஊரு கடைசி வரி."

"அது கடைசி ஊருங்க. வண்டி கடைசியாத்தான போவும்?"

"வண்டி எப்படி வேணா போவட்டும். லிஸ்ட்ல அது மொதல்ல வரணும்."

அவருக்குக் காரணம் புரியவில்லை. ஆனாலும் திருப்பினார். நானும் விளக்கவில்லை.

அடுத்த வாரம் டாக்டர் வந்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, லிஸ்டில் முதல் பெயரை எடுத்து, விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். மேல்நொச்சிக்காட்டுப் பெண். சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டார். இரண்டாவது பெயரைப் பார்க்கவில்லை.

நான் அங்கிருந்து மாற்றலாகிக் கீழே வரும் வரைக்கும், எத்தனை டாக்டர் மாறியும், எல்லாரும் முதல் வரியை மட்டும்தான் எண்ணிப் பார்த்தார்கள்.